உலகத்துக்கு உரத்த குரல் கொடுத்தவர்

மாரியம்மன் திருவிழாவா? கல்யாணமா? காதுகுத்தா? முதலில் வந்து இறங்குவது ஒலிபெருக்கிதான். பந்தல் போட்டு முடியும் முன்பே பாட்டு தொடங்கிவிடும்!

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. அந்தப் பக்கத்தில் தமிழ்ப் பாட்டோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழும். இன்று அங்கே பெரிய தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. ஆனால், ஊரையே எழுப்பும் ஒலிபெருக்கி பெரிய தொழிற்சாலையில் பிறக்கவில்லை. ஒரு சின்ன வீட்டில் பிறந்தது.

அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் பீட்டர் ஜென்சன்.

படிப்பு நின்றது

ஜென்சன் 1886-ம் ஆண்டு டென்மார்க் நாட்டில், பால்ஸ்டர் என்ற தீவில் பிறந்தார். நன்றாகப் படிக்கும் பையன். ஆனால் தந்தை இறந்துவிட்டார். மேல்படிப்பு கனவாகப் போயிற்று.

பவுல்சன் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். கம்பியில்லாமல் பேச்சை அனுப்பும் சோதனைகள் அங்கே நடந்தன. ஜென்சன் கை வைக்காத கருவி இல்லை. கல்லூரியில் கிடைக்காத படிப்பு அங்கே கிடைத்தது.

பவுல்சனின் கருவிகளை நிறுவிக் கொடுப்பதற்காக 1909-ல் அமெரிக்கா போனார். அங்கே கிடைத்த நண்பர் பிரிதாம். இவர் என்ஜினீயர் பட்டம் பெற்றவர். ஜென்சனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

வேண்டாம் என்றார்கள்

கலிபோர்னியாவில் நாபா என்று ஓர் ஊர். 1911-ல் அங்கே ஒரு வீட்டைப் பிடித்து, இருவரும் சோதனையில் இறங்கினார்கள்.

டெலிபோனில் தெளிவாகக் கேட்கும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டும். இதுதான் அவர்கள் ஆசை. மெல்லிய தகட்டில் கம்பிச்சுருளைப் பொருத்தினார்கள். அந்தச் சுருளைக் காந்தத்தின் நடுவே வைத்தார்கள். மின்சாரம் ஏறி இறங்கினால் சுருள் அசையும். சுருள் அசைந்தால் தகடு அசையும். தகடு காற்றைத் தள்ளும். அதுதான் ஒலி!

இந்த யோசனை முற்றிலும் புதியதல்ல. இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898-லேயே இதைப் பதிவு செய்திருந்தார். ஆனால், மக்கள் கேட்கும்படி அதைப் பேச வைத்தவர்கள் இந்த இருவர்.

டெலிபோன் கம்பெனியிடம் கொண்டு போனார்கள். கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கைப்பணமும் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது உறவினர் ஒருவர், பந்தாட்ட மைதானத்தில் அறிவிப்பவரின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி இதைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். இரண்டு படித்த மூளைகளுக்கும் அதுவரை அது தோன்றவில்லை!

ஊளைச் சத்தம்

பழைய கிராமபோன் குழாயை எடுத்துக் கருவியில் மாட்டினார்கள். மின்சாரம் கொடுத்ததும் காதைப் பிளக்கும் ஊளை கிளம்பியது. குழாயில் இருந்து வந்த ஒலி மறுபடியும் மைக்கில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகியதே காரணம். நம் ஊர் மேடைகளில் இன்றும் மைக் கூவுகிறதே, அதே கதைதான்.

குழாயைக் கூரை மேலே ஏற்றினார்கள். மைக்கை வீட்டுக்குள் வைத்தார்கள். ஒருவர் பேச, மற்றவர் நடந்துகொண்டே போனார். சுமார் ஒரு மைல் தாண்டியும் குரல் கேட்டது!

1915 டிசம்பர் 24. கிறிஸ்துமசுக்கு முதல் நாள். சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூட்டம் அலைமோதியது. சுமார் ஒரு லட்சம் பேர் என்று சொல்வார்கள். அத்தனை பேருக்கும் பாட்டும் பேச்சும் கேட்டன.

இருவரின் கருவிக்கு மேக்னவாக்ஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் பெரிய குரல் என்று பொருள்.

1919-ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சாண்டியாகோ நகரில் அதன் மூலம் பேசினார். சுமார் 50 ஆயிரம் பேர் கேட்டார்கள். உடல் நலிந்திருந்த வில்சனால் வெறும் தொண்டையை நம்பி அந்த மைதானத்தில் பேசியிருக்க முடியாது. சில நாட்களில் அவர் படுத்த படுக்கையானார்.

நீங்களும் செய்யலாம்

குழாய்க்குப் பதில் காகிதக் கூம்பு வைத்த ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1925-ல் வெளியிட்டார்கள். இன்று கடையில் கிடைப்பது அந்த வகைதான். அதை வாங்கி வீட்டிலேயே பெட்டி செய்யலாம். ஆண் பெண் யாரும் செய்யலாம்.

வெறும் ஸ்பீக்கரைப் பாட விடுங்கள். சத்தம் கீச்சென்று இருக்கும். ஓர் அகலமான அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு, அதில் ஸ்பீக்கரை வைத்துப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலி எழும்பும்! காரணம் என்ன? கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் கனத்த ஒலி அழிந்து போகும். அட்டை அவற்றைப் பிரித்து வைக்கிறது. பெட்டி இன்னும் நன்றாகப் பிரிக்கும்.

பிளைவுட் பலகை போதும். மூலைகளில் இடுக்கு இல்லாமல் பசை பூசுங்கள். காற்று கசிந்தால் சத்தம் கெடும். உள்ளே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கேட்ட குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களும் பெட்டி செய்தவர்கள்தான்!

இரண்டு ஸ்பீக்கர் என்றால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். ஸ்பீக்கரில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். ஆம்பிளிபயரில் குறித்திருக்கும் அளவுக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். ஆம்பிளிபயரை மட்டும் திறக்க வேண்டாம். வீட்டு மின்சாரம் விளையாட்டல்ல.

சொந்தப் பெயரும் போயிற்று

ஜென்சனிடம் வருவோம். கருத்து வேறுபாட்டால் 1925-ல் மேக்னவாக்சை விட்டு விலகினார். 1927-ல் தன் பெயரிலேயே ஒலிபெருக்கிக் கம்பெனி தொடங்கினார். அதுவும் நன்றாக வளர்ந்தது. 1940-களில் அதையும் விட்டு வெளியேறினார். பிறகு கிராமபோன் ஊசி தயாரித்தார்.

1961-ல் காலமானார். வயது 75. அவர் விட்டுப் போன கம்பெனி, அப்போதும் அவர் பெயர் போட்ட ஒலிபெருக்கிகளை விற்றுக்கொண்டிருந்தது.