சர் ஆர்தர் காட்டன் துரை

தஞ்சை வளநாட்டு உழவர்க்கு அச்சங்கள் இரண்டு. ஆற்றில் நீர் வாராதொழியுமோ என்பது ஒன்று. வந்த நீர் கரையை உடைத்துப் பயிரை வாரிக்கொண்டு போகுமோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தணிக்க உழைத்தவருள் ஒருவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கில இஞ்சினீயர்.

1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்த இவர், அடிஸ்கோம்பு இராணுவக் கலாசாலையிற் பயின்று, 1821இற் சென்னை மாகாணத்துக்கு வந்தார். காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு 1828இல் இவர் வசமாயிற்று.

அந்நாளிற் காவிரி நலிவுற்றிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, வடபாற் கொள்ளிடமாகவும் தென்பாற் காவிரியாகவும் செல்கின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் நீர் பெரிதும் அவ்வழியே ஓடிக் கடலிற் கலந்தது. காவிரியிலோ மணல் மேடிட்டு, வாய்க்கால்கள் வறண்டன.

காட்டன் முதலிற் கல்லணையிடம் மாணாக்கராயினார். ஆழ்ந்த பாறையின்றி, வெறும் மணலின்மேல் எழுந்த அச்சோழர் காலத்து அணை பல நூற்றாண்டுகள் நிலைத்த விதத்தை நுணுகி ஆராய்ந்தார். 1830இல் அதில் மணற்போக்கி மதகுகள் அமைத்தார். கற்ற பாடத்தைக் கொண்டு, 1836இற் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், அணைக்கரையிற் கீழணையும் எழுப்பினார். சிறுநீர் காவிரிக்குத் திரும்பவும், பெருவெள்ளம் மேலணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் வடியவும் வழி பிறந்தது.

ஆயினும் அணை கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. காவிரியில் அளவுக்கு மிஞ்சி நீர் புகுந்து, படுகையையும் கரையையும் அரிக்கலாயிற்று. வறட்சிக்கு அஞ்சியவர் வெள்ளத்துக்கு அஞ்சினர். எனவே மேலணையின் ஒரு பகுதி பின்னர்த் தாழ்த்தப்பட்டது. காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு படுகையணை இடப்பட்டது. பிழையை மறைக்காது திருத்திக்கொண்டமையே அப்பணிக்கு அழகாயிற்று.

இடையிடையே நோயால் நலிந்த காட்டன், தாஸ்மேனியாவுக்குச் சென்று தங்கி, 1841இல் அங்கே மணம் புரிந்தார். மீண்டு வந்து, 1847இற் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணையைத் தொடங்கினார். அது 1852இல் நிறைவெய்தியது. காவிரியிற் கற்றது கோதாவரிக்குப் பயன்பட்டது. 1861இற் சர் பட்டம் பெற்ற இவர், 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் நாள் காலமானார்.

அவர் இட்ட மேலணைக்குக் கடுஞ்சோதனை 2018இல் நேர்ந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மணல்மூட்டைகளும் பாறைகளும் கொண்டு உடைப்பு அடைக்கப்பட்டது. பிறகு அருகே புதிய கதவணை எழுந்தது. 180 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அணையும் ஓரிரவில் தளரக்கூடும் என்பதை அன்று கண்டோம்.

உலகம் வெப்பமடைந்துவருதலால், மழை குறுகிய காலத்திற் கொட்டித் தீர்ப்பது மிகுந்துவருகிறது. ஆதலால் மாணவ நண்பர்காள், வெள்ளம் வந்து நம்மைச் சோதிக்குமுன் நாமே நம்மைச் சோதித்தல் வேண்டும். கோடையிலேயே கரையை நடந்து பார்த்தலும், கதவுகளை ஏற்றியிறக்கி நோக்குதலும், மூட்டையும் மூங்கிலும் சேமித்தலும், எவ்வூரார் எம்மேட்டுக்குச் செல்வது என்று முன்னரே வகுத்து ஒருமுறை நடந்து பழகுதலும் நம் கடமைகளாம். ஆற்றுக்கு மாணாக்கராய் நின்றவரே அதனை ஆளத் தக்கவர் என்பதற்குக் காட்டன் துரையின் வாழ்வே சான்று.