திக்கற்றோர் தந்தை ஜார்ஜ் முல்லர்

உண்மையுடன் உழைக்கும் ஊழியனைத் தேவன் குறைவின்றிப் போஷிப்பார் என்பது கிறிஸ்தவ மக்கள் யாவரும் சிறு பருவமுதற் கேட்டுவரும் போதனையாகும். ஆயினும் இப்போதனைக்குப் பிழையாகப் பொருள்கொள்வார் பலர். பக்தி செய்தால் பணம் பெருகும் என்றெண்ணி ஆலயஞ் செல்வாரும் உளர்; பணம் பெருகாமை கண்டு பக்தியையே கைவிடுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் அறியத்தக்க சரித்திரம் ஒன்றுண்டு. இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்து, பதினாயிரம் திக்கற்ற பிள்ளைகளுக்குத் தந்தையாய் விளங்கிய ஜார்ஜ் முல்லர் என்னும் பெரியாரின் சரித்திரமே அது. அதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

முல்லர் 1805-ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 27-ம் தேதி, பிரஷ்யா தேசத்துக் குரோப்பன்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் தந்தையார் அரசாங்கத்திற்கு வரி தண்டும் உத்தியோகஸ்தர். பிற்காலத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வைத்த இவர், இளமையிற் பிறர் காசைக் கவர்வதில் வல்லவராயிருந்தார் என்பது வியப்பன்றோ! பத்து வயது நிரம்பு முன்னரே, தந்தையார் பொறுப்பிலிருந்த அரசாங்கப் பணத்தைப் பன்முறை திருடினார். தாயார் உயிர்நீத்த இரவில், பதினான்கு வயதினரான மகனார் அஃதறியாது சீட்டாடிக்கொண்டிருந்தார். பதினாறாம் வயதில், விடுதியில் தங்கி உண்டு, கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடாது நழுவ முயன்று, பிடிபட்டுச் சிறை புகுந்தார். பின்னர்ப் பள்ளியிற் பயிலுங்கால், தந்தையார் தந்த பணத்தை வீண்செலவு செய்து தீர்த்தார். தம் பெட்டியின் பூட்டைத் தாமே உடைத்துவிட்டுப் பணம் களவு போயிற்றென்று கூவி, நண்பரிடம் இரக்கமும் பொருளும் பெற்றார். இத்தகையவரைத்தான் தந்தையார் போதகராகும்படி படிக்கவைத்தார். மகன் தேவ ஊழியஞ் செய்யவேண்டும் என்பதன்று அவர் கருத்து. நல்ல வருமானமுள்ள ஒரு பதவியில் மகன் அமர்ந்தால் தம் முதுமைக்கு ஆதரவாகும் என்பதே.

1825-ம் ஆண்டு முல்லர் ஹாலே சர்வகலாசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நண்பர் ஒருவர் அவரை ஒரு வணிகரின் இல்லத்தில் நடந்த ஜெபக்கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். ஆங்கே ஒருவர் முழந்தாட் படியிட்டு ஜெபித்தார். வேதசாஸ்திர மாணவராகிய முல்லர் அதுகாறும் அத்தகைய காட்சியைக் கண்டதேயில்லை. அன்றிரவே அவர் உள்ளத்தில் மாறுதல் தொடங்கிற்று. சின்னாட்களில் மிஷனெரியாகச் செல்ல விரும்பினார், தந்தையார் சினந்தார். தந்தையார் விருப்பத்திற்கு மாறாக நடக்கும் தாம் அவர் பணத்தைப் பெறுதல் முறையன்று என்று எண்ணிய முல்லர், படிப்பு முடியுமுன்னரே அவ்வுதவியை வேண்டாமென விடுத்தார். அடுத்த வேளைக்கு வழி யாதென அறியாத அக்காலத்தில், அமெரிக்கப் பண்டிதர் சிலர் ஹாலேக்கு வந்து ஜெர்மன் மொழி பயில ஆசிரியரைத் தேடினர். அப்பணி முல்லருக்குக் கிடைத்தது. அவர் கண்ட முதற் பராமரிப்பு, உழைப்பதற்குக் கிடைத்த ஒரு வேலையாய் வந்ததை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அந்நகரில் ஏழை மாணவருக்கென ஒதுக்கப்பெற்ற இலவச அறையில் அவர் இரண்டு மாதம் தங்கினார். அவ்வறை, நூறாண்டுகட்கு முன் அகஸ்து ஹெர்மன் பிராங்கே என்னும் பக்தர் தேவனையே நம்பி நிறுவிய பெரிய அநாதசாலையைச் சேர்ந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் ஹாலேயிற் பயின்றவரே. ஆகவே, நம் நாட்டுச் சுவிசேஷ விளக்கும் பிரிஸ்டல் நகரத்து அநாதசாலை விளக்கும் ஒரே அடுப்பின் நெருப்பினால் ஏற்றப்பட்டவை எனலாம்.

1829-ல் முல்லர் இங்கிலாந்து சென்றார். யூதருக்கு ஊழியஞ் செய்யும் சங்கத்திற் பயிற்சி பெறச் சென்றவர், நோயுற்று டெயின்மத் என்னும் கடற்கரையூருக்கு வந்து, சங்கத்தை விட்டு விலகி, அவ்வூர்ச் சிறு சபைக்குப் போதகரானார். 1830-ம் ஆண்டு மேரி குரோவ்ஸ் என்னும் மாதரசியை மணந்தார். அவ்வம்மையாரின் தமையனார் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பல் வைத்தியத்தால் ஈட்டிய செல்வத்தைத் துறந்து மிஷனெரியாகி, 1833-ல் இந்தியாவுக்கு வந்தவர். தென்னாட்டு ஊழியராகிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பனுக்கு உற்ற துணைவராயிருந்தவர். மணம் முடிந்த சின்னாட்களில் முல்லர் தமக்கு வந்த சம்பளத்தை விட்டுவிட்டார். ஆலயத்து ஆசனங்களை வாடகைக்கு விட்டுத் திரட்டிய பணமே போதகருக்குச் சம்பளமாயிற்று; அதனால் செல்வருக்கு முன்னிடமும் ஏழைக்குப் பின்னிடமும் வாய்த்தன. இது நீதியன்று என்று கண்ட முல்லர், ஆலயத்தில் ஒரு பெட்டியை வைத்து, மனமுவந்தோர் இடுவதே போதும் என்றார்.

1832-ல் பிரிஸ்டல் நகருக்குக் குடியேறினார். அவ்வாண்டு வாந்திபேதி அந்நகரில் பலரை வாரிக்கொண்டது. பெற்றோரையிழந்த சிறுவர் தெருக்களில் அலைந்தனர். 1834-ல் வேத அறிவைப் பரப்பும் ஸ்தாபனம் ஒன்றைத் தோற்றுவித்தார். மனிதரிடம் பொருள் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பன அதன் விதிகளுட் சில. அடுத்த ஆண்டு, கைக்குழந்தையாயிருந்த தம் மகன் எலியாவை அடக்கஞ் செய்தார். அவ்வாண்டின் இறுதியிலேதான் பிறர் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் அமைக்கும் எண்ணம் முதிர்ந்தது.

அநாதசாலைக்கு இரக்கம் மட்டும் காரணமன்று. நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்துச் சோர்ந்த தொழிலாளி ஒருவரை முல்லர் சந்தித்தார். உழைப்பைச் சற்றுக் குறைத்து ஜெபிக்க நேரம் ஒதுக்கலாகாதா என வினவியபோது, அங்ஙனஞ் செய்தால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று அவர் விடையிறுத்தார். அம்மனிதருக்குச் சொற்களால் மறுமொழி கூறுவதினும், கண்ணாற் காணத்தக்க சான்றொன்றை நிறுத்துவதே நலமென முல்லர் துணிந்தார். ஏழையாகிய ஒருவன் ஜெபத்தாலும் உழைப்பாலுமே நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றக் கூடுமாயின், சோர்ந்த விசுவாசிகள் திடன் கொள்வரன்றோ!

1,000 பவுனும் ஒரு வீடும் வேண்டுமென ஜெபித்தார், உதவியாளரையும் வேண்டினார், யாவும் ஒவ்வொன்றாய் வந்தன. ஆயின், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளக் குறித்த நாளில் ஒருவரும் வந்திலர்! எல்லாவற்றையும் கேட்டவர், பிள்ளைகளை அனுப்பும்படி கேட்க மறந்திருந்தார். அதனை உணர்ந்து ஜெபித்த மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. 1836-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்ஸன் தெருவில் 30 பெண் பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது.

1838 முதற் சில ஆண்டுகள் கடுஞ் சோதனைக் காலமாயிருந்தன. காலையுணவு முடிந்தபின் நண்பகலுணவுக்குக் காசில்லாத நாட்கள் பல. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள், விற்கக்கூடிய பொருள்களை விற்றேனும் பிள்ளைகளுக்கு உணவளிக்கலாமா என்று ஊழியர் ஆலோசிக்கும் நிலை நேர்ந்தது. அன்று ஒரு மாது மூன்று பவுனுக்குச் சற்று மிகுந்த தொகையைக் கொண்டுவந்து கொடுத்தார். இலண்டன் பக்கத்திலிருந்து வந்த அவர், சில நாட்களாகவே அப்பணத்தோடு ஆண் பிள்ளைகள் இல்லத்திற்கு அடுத்த வீட்டிற் தங்கியிருந்தார். உதவி சுவருக்கு அப்பால் முன்னரே வந்து நின்றது. கொடுக்கப்படும் வேளை மட்டும் பின்னர் வந்தது. 1841-ம் ஆண்டின் இறுதியில், ஆண்டறிக்கை வாசிக்கும் பொதுக்கூட்டத்தை நடத்தினால் வறுமை வெளிப்பட்டுப் பணம் வரும் என்றிருந்தும், முல்லர் அதனை வேண்டுமென்றே சில மாதங்கள் தள்ளிவைத்தார். அக்காலத்தில் உடனூழியரும் தம் சிறு சேமிப்பைப் பொதுவில் இட்டுப் பிள்ளைகளைக் காத்தனர். அவர்கள் பெயர் பலர் அறியாராயினும், அவர்கள் தியாகமும் அப்பராமரிப்பில் ஒரு பகுதியே.

வில்ஸன் தெருவில் பிள்ளைகள் பெருகவே, அயலார் இடநெருக்கடியையும் இரைச்சலையும் குறித்து முறையிட்டனர். அது நியாயம் என்று முல்லர் ஒப்புக்கொண்டு, ஆஷ்லி டவுன் என்னும் மேட்டு நிலத்தை நாடினார். 1846-ல் நிலத்துக்குரியவரை அவர் இல்லத்திலும் அலுவலகத்திலும் தேடிச்சென்றும் காணவில்லை; மேலும் துரத்தாது திரும்பிவிட்டார். அன்றிரவு உறக்கம் வராது விழித்திருந்த உரிமையாளர், ஏக்கர் ஒன்றுக்கு 200 பவுன் கேட்க எண்ணியதைவிட்டு 120 பவுனுக்கே கொடுப்பதெனத் தீர்மானித்தார். அந்நிலத்தில் 1849-ல் முதற் கட்டடமும், 1870-க்குள் ஐந்து கட்டடங்களும் எழுந்தன. 2,050 பிள்ளைகளுக்கு அங்கே இடமிருந்தது.

முல்லர் ஜெபித்துவிட்டுக் கைகட்டியிருந்தவரல்லர். 1857-ம் ஆண்டு நவம்பரில், முதற் கட்டடத்தை வெப்பமூட்டும் கொதிகலன் ஒழுகிற்று. பழுதுபார்க்க நெருப்பை அணைத்தாக வேண்டும். அப்போதோ குளிர்ந்த வாடைக்காற்று வீசத் தொடங்கிற்று. காற்றுத் தெற்கே திரும்பவும், வேலைக்காரர் மனமுவந்து உழைக்கவும் அவர் ஜெபித்தார். உடனே வேலையாட்களையும் அமர்த்தினார். குறித்த நாளில் தென்றல் வீசிற்று. வேலைக்காரர் இரவு முழுவதும் உழைக்கத் தாமே முன்வந்தனர்.

பெற்ற காணிக்கைக்கெல்லாம் இரசீது கொடுத்து, கொடுத்தவர் பெயரை மறைத்து, ஆண்டுதோறும் கணக்கை வெளியிட்டார். பிள்ளைகள் கல்வி பெற்றனர். சிறுவர் தொழில் பயில அனுப்பப்பட்டனர். சிறுமியர் வீட்டுப் பணிகளில் அமர்த்தப்பட்டனர். ஏழைகளை அவர்கள் நிலைக்கு மேல் உயர்த்துகிறார் என்று குறை கூறினாரும் உளர். அக்குற்றச்சாட்டை நாம் புகழுரையாகவே கொள்வோம்.

1870-ல் மனைவியாரையும் 1890-ல் மகளார் லிதியாவையும் இழந்தார். எழுபது வயதிற்குப் பின் பல தேசங்களிற் பிரயாணஞ் செய்து பிரசங்கித்தார். 1883-84-ல் இந்தியாவுக்கும் வந்தார். 1898-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ம் தேதி, தமது 92-ம் வயதில், பிரிஸ்டல் நகரில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் கையின் வழியே சென்ற தொகை ஏறக்குறைய 15 லட்சம் பவுன். அவர்தம் சொந்தச் செலவுக்கென்று அன்பர் அளித்ததிலிருந்தும் 80,000 பவுனுக்கு மேல் ஊழியத்திற்கே கொடுத்தார். இறந்தபின் எண்ணிப் பார்த்தபோது, நூல்களும் வீட்டுச் சாமான்களும் உட்பட அவர் விட்டுச் சென்ற சொத்து 200 பவுனுக்கும் குறைவே!

தொடக்கத்திற் கூறிய இரு திறத்தாருக்கும் இதுவே விடை. தேவனுடைய பராமரிப்பு மழை போன்றது. முல்லர் அதனைத் தேக்கிவைக்கும் குளமாயிராது, வயலுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலாய் இருந்தார். துன்பமும் இழவும் அவரை அணுகாதிருந்தன அல்ல. ஆயினும் அவரை நம்பிய பிள்ளைகள் உணவின்றி உறங்கியதில்லை. தந்தையின் பணத்தைத் திருடிய கைகளையே தேவன் பதினாயிரம் பிள்ளைகளின் பணத்திற்குக் காவலாக்கினார் என்பதே இச்சரித்திரத்தில் யாம் காணும் பேரற்புதம். பட்டம் பெற்று வெளியேறும் மாணவராகிய நாம், எத்துணைப் பொருள் நம்மிடம் வந்து சேரும் என்று கணக்கிடுவதோடு, எத்துணைப் பொருள் நம் வழியே பிறரைச் சென்றடையும் என்றும் கணக்கிடுவோமாக. அங்ஙனம் உழைப்பார்க்கு ஒரு நாளும் குறைவு வாராது.