கடல் கற்பித்த ஆங்கிலம்

கல்லூரி வாயிலில் காலடி எடுத்து வைக்கும் தமிழ்வழி மாணவனை நிறுத்தி, உன் மனத்தை அரிக்கும் அச்சம் எது என்று கேட்டால், அவன் தயங்காமல் கூறும் விடை ஆங்கிலம் என்பதே. பள்ளியில் பிடிபடாத மொழி இனிமேலா வரப்போகிறது, பதினெட்டு வயதுக்குப் பின் நாக்கு வளையுமா என்றெல்லாம் விடுதி அறையிலும் மர நிழலிலும் நாம் பேசிக்கொள்கிறோம். கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று சூளுரைப்போம். தீபாவளி விடுமுறை வருவதற்குள் அந்தச் சூளுரை காற்றோடு போய்விடும். நானும் தமிழ் வழியில் பயின்று வந்தவன். ஆகவே இக்கேள்வி எனக்கும் உரியது.

இதற்கு விடை தேடியபோது ஒரு மனிதரின் வாழ்க்கை எனக்குக் கைகொடுத்தது. இருபது வயதுவரை அவருக்கு ஆங்கிலத்தில் பேசவோ எழுதவோ வராது. ஆங்கிலம் அவருடைய தாய்மொழியும் அன்று; இரண்டாம் மொழியும் அன்று; மூன்றாம் மொழி! ஆயினும் ஆங்கில நாவலாசிரியர்களின் முன்வரிசையில் இன்று அவருக்கு நிலையான இடம் உண்டு. அவர்தான் ஜோசப் கான்ராட்.

இளமையும் இன்னலும்

1857ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பெர்டிச்சிவ் என்னும் ஊரில் ஒரு போலந்துக் குடும்பத்தில் கான்ராட் பிறந்தார். அவ்வூர் இன்று உக்ரைனில் உள்ளது. அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. போலந்து என்றொரு நாடே அப்போது உலகப் படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் யோசெப் தியோடர் கொன்ராட் கோர்செனியோவ்ஸ்கி. நம் நாவுக்கு மட்டுமா, ஆங்கிலேயர் நாவுக்கும் எளிதில் அகப்படாத பெயர்!

தந்தை அப்போலோ ஒரு கவிஞர். ஷேக்ஸ்பியர், விக்டர் ஹியூகோ, டிக்கன்ஸ் ஆகியோரின் படைப்புகளைப் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காகப் பாடுபட்ட குற்றத்திற்காக 1861இல் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு ரஷ்யாவின் குளிர் மிகுந்த வொலோக்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மனைவியும் நான்கு வயது மகனும் உடன் சென்றனர். காசநோய் தாயை 1865இல் கொண்டுபோயிற்று. 1869இல் தந்தையும் மறைந்தார். பதினொரு வயதில் அநாதையான சிறுவனுக்குத் தாய்மாமன் ததேயுஸ் போப்ரோவ்ஸ்கி துணையாக நின்றார்.

சிறுவனுக்குக் கடல்மேல் தீராத காதல். கடலே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு இது என்ன பித்து என்று சுற்றத்தார் வியந்தனர். எனினும் மாமன் இசைந்தார். 1874இல், பதினேழு வயது நிரம்பும் முன்பே, கான்ராட் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய் மாலுமியானார். பிரெஞ்சு மொழி இளமையிலேயே கற்றதாதலால் அங்கே மொழித் தொல்லை இல்லை.

மார்செயில் ஒருநாள் துறைமுகப் படகில் இருந்தபோது, ஓர் ஆங்கிலக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கயிறு வீசியவர் எச்சரிக்கையாக ஓரிரு சொற்களைச் சொன்னார். தம்மை நோக்கிச் சொல்லப்பட்ட முதல் ஆங்கிலம் அதுவே என்று கான்ராட் பின்னாளில் தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். அதைப் படித்தபோது எனக்கு வியப்பும் ஆறுதலும் ஒருங்கே தோன்றின. நாமாவது ஆங்கில எழுத்துகளை ஐந்தாறு வயதிலேயே கண்டுவிடுகிறோம். அவருக்கோ முதல் பாடமே ஒரு கயிற்று நுனியில் வந்தது!

கரியும் செய்தித்தாளும்

ரஷ்யக் குடிமகனாகிய கான்ராட் கட்டாய இராணுவப் பணிக்கு உட்பட்டவர். அதனால் பிரெஞ்சுக் கப்பல்களில் அவர் தொடர்ந்து பணிபுரிய அதிகாரிகள் இசையவில்லை. அயல்நாட்டாரையும் ஏற்றுக்கொண்ட ஆங்கிலக் கப்பல்களே எஞ்சிய வழி. 1878 ஜூன் மாதம் 'மேவிஸ்' என்னும் கப்பலில் இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் வந்திறங்கினார். வயது இருபது. அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அங்கிருந்து நியூகாசிலுக்குச் சென்று நிலக்கரி ஏற்றிவரும் சிறு கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. அக்கப்பலே அவர் சேர்ந்த ஆங்கிலப் பள்ளி! மாலுமிகள், மீனவர்கள், கப்பல் கட்டும் தச்சர்கள் ஆகியோரே ஆசிரியர்கள். காதுக்கு அவர்களுடைய பேச்சு. கண்ணுக்கு 'ஸ்டாண்டர்டு' என்னும் செய்தித்தாள். இவ்விரண்டுமே தம் தொடக்கப் பாடங்கள் என்று அவரே ஒரு கடிதத்தில் தெரிவித்திருக்கிறார்.

பின்னர் நெடுங்கடல் செல்லும் கப்பலில் இடம் தேட வேண்டியிருந்தது. செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து, இலண்டனிலிருந்த கப்பல் தரகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கட்டுரை என்றால் அக்கடிதம்தான். பிறகு இலண்டன் சென்று, நகரப் படத்தின் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எவரையும் வழி கேளாமல் அத்தரகரின் இருட்டறையைக் கண்டுபிடித்தார். தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னார். தரகரின் முகத்தில் புன்னகை மலர்ந்தது. கடிதம் எழுதியவர் நீர்தானா என்று கேட்டார். கடிதம் புரிந்துவிட்டது! அதில் என்ன எழுதினோம் என்பதில் ஒரு சொல்கூடப் பின்னாளில் அவருக்கு நினைவில்லை. ஆனால் தாம் எழுதியது பிறருக்கு விளங்கிவிட்டது என்ற அந்த மகிழ்ச்சி மட்டும் மறக்கவில்லை. அக்கடிதத்தின் பயனாக 'டியூக் ஆஃப் சதர்லாண்ட்' என்னும் கப்பலில் ஆஸ்திரேலியா சென்று வந்தார்.

படிப்படியாய் ஏறியவர்

மாணவ நண்பர்களே! இனிவரும் பகுதியைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் புலமை பெறுவேன், பெரும் எழுத்தாளனாவேன் என்று கான்ராட் அன்று திட்டமிடவில்லை. அவர் முன் நின்றவை மூன்று படிகள். முதலாவது 'இரண்டாம் மேட்' என்னும் அதிகாரிக்கான தேர்வு. அடுத்தது 'முதல் மேட்' தேர்வு. இறுதியில் கேப்டன் ஆவதற்கான 'மாஸ்டர்' தேர்வு. ஒவ்வொன்றுக்கும் கடலில் இத்தனை காலம் பணிபுரிந்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. தேர்வு நாள் உண்டு. வெற்றி தோல்வி என்ற தெளிவான முடிவும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

1880இல் முதல் தேர்வு. தேர்வாளர் எதிரே அமர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாய்மொழி வினாக்களுக்கு விடை கூற வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் இறங்கி ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தேறினார்!

அடுத்து 'பாலஸ்தீன்' என்னும் பழங்கப்பலில் நிலக்கரியுடன் பாங்காக் நோக்கிப் புறப்பட்டார். கப்பல் ஒழுகியதால் பழுது பார்க்க ஃபால்மத் துறைமுகத்தில் மாதக் கணக்கில் நின்றது. தச்சர்களின் சுத்தியல் ஓசைக்கு நடுவே, ஐந்து ஷில்லிங் விலையில் வாங்கிய ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியை ஓய்ந்த நேரங்களில் படித்தார் கான்ராட். தந்தை போலிஷில் பெயர்த்த நாடகாசிரியரை மகன் இப்போது மூலத்திலேயே படித்தான். படிப்பதற்கு அமைதியான இடம் இல்லை என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோமே, அந்தச் சுத்தியல் ஓசையைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். அக்கப்பல் 1883இல் நடுக்கடலில் தீப்பற்றி அழிந்தது. மாலுமிகள் படகுகளில் கரை சேர்ந்தனர். 'இளமை' என்னும் அவருடைய புகழ்பெற்ற கதை அதிலிருந்து பிறந்ததே.

நம் சென்னைக்கும் அவர் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்னும் கப்பலின் இரண்டாம் மேட்டாகச் சென்னைத் துறைமுகம் வந்தார். கேப்டனுடன் மனத்தாங்கல். நடத்தை பற்றி நற்சான்று கிடைக்காமலே இங்குக் கப்பலைவிட்டு இறங்க நேர்ந்தது. நிலவழியே பம்பாய் சென்று 'நார்சிசஸ்' என்னும் கப்பலில் இடம் பிடித்தார். அக்கப்பலின் பெயரைத் தலைப்பில் தாங்கிய நாவல் 1897இல் வெளிவந்து எழுத்துலகில் அவரை நிலைநிறுத்தியது. சென்னையில் முறிந்த ஒரு பணி, ஒரு நாவலுக்கு வழி திறந்தது!

அவ்வாண்டின் இறுதியில் முதல் மேட் தேர்வு எழுதினார், தோற்றார். சில வாரங்களில் மீண்டும் எழுதித் தேறினார். 1886இல் மாஸ்டர் தேர்விலும் முதல் முறை தோல்வி, நவம்பரில் வெற்றி. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தது. தேர்வுகளைப் பற்றி விரிவாக எழுதிய தம் நினைவு நூலில் இத்தோல்விகளை அவர் குறிப்பிடவேயில்லை; பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களிலிருந்து கண்டெடுத்தார்கள். அரியர்ஸ் வைத்திருப்பதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் நம் தோழர்களுக்கு இது சற்றே தெம்பு தரலாம்! ஆனால் ஒன்று: அவர் மறைத்தது ஏட்டில் மட்டுமே. மறு தேர்வுக்குப் போகாமல் இருக்கவில்லை.

ஐந்தாண்டு எழுதிய முதல் நாவல்

1888இல் 'ஒட்டாகோ' என்னும் கப்பலுக்குக் கேப்டனானார். மூன்று படிகளும் ஏறியாயிற்று. 1889 இலையுதிர் காலத்தில், இலண்டனில் வேலையின்றித் தங்கியிருந்தபோது, ஒருநாள் காலை ஒரு நாவலை எழுதத் தொடங்கினார். அதுவே 'ஆல்மேயரின் மடமை'. எழுதி முடிக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் அக்கையெழுத்துப் படி அவருடன் காங்கோவரை சென்று, அங்கே ஆற்றில் தொலையத் தெரிந்தது. பெர்லின் இரயில் நிலையச் சிற்றுண்டி அறையில் மறந்து வைக்கப்பட்டு, ஒரு சுமைதூக்கியின் தயவால் திரும்பக் கிடைத்தது. 'டாரன்ஸ்' என்னும் கப்பலில் முதல் மேட்டாக இருந்தபோது, கேம்பிரிட்ஜில் படித்த இளம் பயணி ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுத்தார். எழுதி முடிக்கத் தகுதியானதுதானா என்று கேட்டார். தகுதியானதே என்று சுருக்கமான விடை வந்தது. அந்த விடை அவரை மேலும் எழுதச் செய்தது.

நாவல் 1895இல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. தொடர்ந்து 'லார்டு ஜிம்' (1900), 'இருளின் இதயம்' (1902இல் நூலாக), 'நாஸ்ட்ரோமோ' (1904) முதலிய படைப்புகள் வந்தன. ஆப்பிரிக்க மக்களை 'இருளின் இதயம்' சித்திரிக்கும் முறையை நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் கடுமையாகக் கண்டித்தார். அந்த விவாதம் இன்றும் தொடர்கிறது. கண்டித்த அச்சிபியும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில்தான் நாவல் எழுதினார் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மாறாத உச்சரிப்பு

இவ்வளவு எழுதியவரின் பேச்சு எப்படி இருந்தது? கேட்டவர்கள் திகைக்கும் அளவுக்கு அயல்நாட்டு வாடை வீசியது. இறுதிவரை அது மாறவேயில்லை. 1910இல், பல சிறந்த நாவல்களை எழுதி முடித்திருந்த ஐம்பத்திரண்டாம் வயதில், நூல் வெளியீடுகளைக் கவனித்த அவருடைய முகவரே நீர் பேசுவது ஆங்கிலமாக இல்லை என்று ஒரு வாக்குவாதத்தில் கூறிவிட்டார். அது அவரை ஆழமாகப் புண்படுத்தியது. அடுத்து நோயில் விழுந்து நினைவு தடுமாறியபோது, வாயில் வந்தது பெரும்பாலும் போலிஷ் மொழியே. தாய்மொழி எங்கே போகும்?

எழுத்தும் எளிதாக வரவில்லை. ஒரு பக்கத்துக்காக நாள் முழுவதும் போராடியதாக நண்பர்களுக்குக் கடிதங்களில் புலம்பியிருக்கிறார். கடனும் நோயும் கூடவே இருந்தன. 1914இல் நூலாக வந்த 'சான்ஸ்' நாவல்தான் முதன்முதலாக நல்ல வருவாயைத் தந்தது. 1924இல் அரசு அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் மறைந்தார். கான்டர்பரியில் உள்ள அவர் கல்லறையில் பெயர் பிழையாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது! ஆங்கிலத்துக்கு அத்தனை வழங்கியவரின் பெயரை ஆங்கிலக் கல்லால் சரியாகத் தாங்க முடியவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

கான்ராட் வெறுங்கையுடன் புறப்பட்டவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இலக்கியம் மணந்த வீடு, முன்பே கற்ற பிரெஞ்சு, பணம் அனுப்பிய மாமன், நாள்தோறும் ஆங்கிலம் பேசியே தீரவேண்டிய கப்பல் வாழ்வு ஆகியவை அவருக்கு வாய்த்தன. நமக்கு அவை இல்லை. ஆகவே அவரைப் போல் நாவலாசிரியராவோம் என்று நான் கூறவில்லை.

ஆயினும் அவர் ஏறிய முறை நமக்கும் உரியது. ஆங்கிலம் கற்பேன் என்பது இலக்கு ஆகாது. அது கரை தெரியாத கடல். ஒரு கடிதம், ஒரு வாய்மொழித் தேர்வு, ஒரு நாடகத் தொகுதி: இவை இலக்குகள். முடிந்ததா இல்லையா என்று நாமே சொல்லிவிடலாம். ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு ஊக்கம் தானே பிறக்கும். ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்தவர் அல்லர் அவர். ஒரு படி ஏறி, அங்கே ஊக்கத்தைக் கண்டவர். உச்சரிப்பு அழகாகட்டும், பிறகு வாய் திறப்போம் என்று அவர் காத்திருந்தால் கடைசிவரை ஊமையாகவே இருந்திருப்பார்.

இந்தப் பருவத்துக்கு நான் எனக்கென மூன்றை வகுத்துக்கொண்டேன். நாள்தோறும் ஆங்கில நாளிதழின் ஒரு செய்தியை வாய்விட்டுப் படிப்பது; எவர் உதவியுமின்றி ஒரு வேலை விண்ணப்பக் கடிதம் எழுதி, ஆங்கிலத் துறைப் பேராசிரியரிடம் காட்டுவது; வகுப்பில் வாரம் ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்பது. சிறியவைதாம். ஆனால் பருவம் முடியும் நாளில், முடித்தேனா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

தோழர்களே, உங்கள் மூன்று எவை?