பகைவர் குழந்தைக்கும் பசி தீர்த்த அம்மையார்

குழந்தையின் பசிக்கு நாடு இல்லை, மொழி இல்லை, பகையும் இல்லை. இவ்வுண்மையை உலகம் மறந்திருந்த வேளையில், அதனை அஞ்சாது எடுத்துரைத்தவர் எக்லன்டைன் ஜெப் அம்மையார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏழைச் சிறார்க்குத் தொண்டாற்றி வரும் ‘சேவ் த சில்ரன்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர் அவரே. அப்பெருமாட்டியின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்து பயன்பெறும் பொருட்டு இங்கு வரைகின்றோம்.

அம்மையார் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் எல்ஸ்மியர் என்னும் ஊரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய அன்னையார் நாட்டுப்புற மக்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கியவர். ஆகவே, பிறர்க்கு உதவும் பண்பை அம்மையார் வீட்டிலேயே கற்றார் எனலாம். பெண்கள் கல்லூரியில் பயில்வது அரிதாயிருந்த அந்நாளில், அவர் ஆக்ஸ்ஃபோர்டு சென்று வரலாறு பயின்றார்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பயிற்சி பெற்று, மார்ல்பரோ என்னும் ஊரில் ஏழைப் பிள்ளைகள் பயிலும் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியேற்றார். ஆயினும், உடல்நலம் குன்றியது. இத்தொழில் தமக்கு ஏற்றதன்று என்ற எண்ணமும் அவரை வருத்தியது. எனவே அப்பணியை விட்டு விலகினார். ஒரு வகுப்பறையில் நிலைக்க இயலாத அவரே பின்னாளில் உலகத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் துணையானார். முதல் முயற்சி கைகூடவில்லையே என்று மனம் தளர்வோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்னர்க் கேம்பிரிட்ஜ் நகரில் அன்னையாருடன் வாழ்ந்தபோது, அந்நகரத்து ஏழைகளின் வாழ்க்கை நிலையை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1913இல் மாசிடோனியா சென்று, போரினால் வீடிழந்து தவித்த மக்களின் துயரை நேரில் கண்டார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. 1918 நவம்பரில் பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால், தோற்ற நாடுகளுக்கு உணவுக் கப்பல்கள் செல்லாதவாறு வென்ற நாடுகள் விதித்த தடை உடனே நீங்கவில்லை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் எலும்பும் தோலுமாய் மெலிந்தனர். பகைவரின் பிள்ளைகளுக்கு நாம் ஏன் இரங்க வேண்டும் என்பதே அன்று பிரிட்டிஷ் மக்கள் பலரின் எண்ணமாயிருந்தது. போரில் மகனை இழந்த பெற்றோரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அம்மையாரும் அவர்தம் தங்கை டோரதி பக்ஸ்டனும் இவ்வெண்ணத்தை மாற்ற முனைந்தனர். பட்டினியால் வாடும் ஆஸ்திரியக் குழந்தையின் படம் பொறித்த துண்டறிக்கைகளை 1919இல் அம்மையார் இலண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். அரசின் இசைவு பெறாது வெளியிட்டார் என்று அவரைக் கைது செய்தனர். நீதிமன்றம் 5 பவுன் அபராதம் விதித்தது. வியப்பு என்னவெனில், அவரை எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அத்தொகையைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்! அதுவே அம்மையாரின் நிதிக்குக் கிடைத்த முதல் நன்கொடையாயிற்று என்பர். அவ்வாண்டு மே 19ஆம் நாள் ஆல்பர்ட் மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் அந்நிதி மக்கள் முன் தொடங்கி வைக்கப்பட்டது.

மறு ஆண்டே அது ஜெனீவா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலகச் சங்கமாக வளர்ந்தது. 1921இல் ரஷ்யாவில் கொடும்பஞ்சம் பரவியது. உள்நாட்டிலேயே ஏழைகள் இருக்க, அயல்நாட்டுக்கு அள்ளிக் கொடுப்பதா என்று சிலர் எதிர்த்தனர். அம்மையார் தளரவில்லை. செய்தித்தாள் விளம்பரங்கள் வாயிலாகவும் திரைப்படம் வாயிலாகவும் பஞ்சத்தின் கொடுமையை மக்களுக்கு எடுத்துக் காட்டினார். நிதி திரண்டது, உணவுக் கப்பல் புறப்பட்டது, பல்லாயிரம் ரஷ்யச் சிறார் உயிர் பிழைத்தனர்.

எனினும் அம்மையாரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இரக்கம் இன்று இருக்கும், நாளை வற்றிவிடும். அதை நம்பியா குழந்தைகள் வாழ்வது? ஆகவே, குழந்தைகளுக்குரியவற்றை உரிமைகளாகவே வகுத்து, 1923இல் ஐந்து கூறுகள் கொண்ட சாசனமொன்றை வரைந்தார். உடலும் உள்ளமும் வளர வழி செய்தல். பசித்த, நோயுற்ற, ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணுதல். இடர்க்காலத்தில் முதலில் குழந்தைக்கே உதவுதல். தொழிலுக்கு ஆயத்தப்படுத்திச் சுரண்டலினின்று காத்தல். தன் திறமையைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்தும் உணர்வோடு வளர்த்தல் ஆகியவையே அவை. 1924இல் உலக நாடுகள் சங்கம் அதனை ஏற்றது. அவ்வித்தே வளர்ந்து 1989இல் ஐக்கிய நாட்டுச் சபையின் சிறார் உரிமை உடன்படிக்கையாயிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன.

மணம் புரியாது தொண்டிலேயே வாழ்ந்த அம்மையார், 1928 டிசம்பர் 17ஆம் நாள் தம் 52ஆம் வயதில் ஜெனீவாவில் காலமானார்.

அன்புப் பெற்றோர்களே! வியர்வை சிந்தி உழைக்கும் நும் பிள்ளை பள்ளிக்கு வருவது எவரும் இட்ட பிச்சையன்று. அஃது அவன் உரிமை. ஒரு நாளேனும் அதனை இழக்க விடாதீர்கள். மாணவச் செல்வங்களே! அம்மையாரின் ஐந்தாம் கூறு உங்களுக்குரிய கடமை. கற்ற கல்வியைப் பிறர்க்கும் பயன்படச் செய்வதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.