அன்னி ஓக்லி: ஒரு பொய்ச் செய்தியும் ஏழு வருட வழக்கும்

ஒரு பெண்ணைப் பற்றி ஆதாரமில்லாத தகவல் ஒன்று காலையில் ஏதோவொரு வட்ஸ்அப் குழுமத்தில் விழுகிறது. லுஹருக்கு முன்னர் அது ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்து விடுகிறது. பின்னர் வரும் மறுப்பைப் பகிர எவரும் இருப்பதில்லை. இத்தகைய சம்பவங்களைக் காணும் போதெல்லாம், ஓர் ஆசிரியர் என்ற வகையில் நான் மாணவர்களுக்குச் சொல்வது அன்னி ஓக்லி என்ற அமெரிக்கப் பெண்ணின் வரலாற்றைத்தான்.

1860 ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னி. அவரது ஆறாவது வயதையொட்டி தந்தை மரணமானார். வறுமை காரணமாக ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கிருந்து ஒரு குடும்பத்தின் வீட்டு வேலைக்குப் போனார். சம்பளமும் படிப்பும் தருவதாக அழைத்துச் சென்றவர்கள் அவரை அடிமை போல நடத்தினார்கள். பிற்காலத்தில் அவர்களை ஓநாய்கள் என்று மட்டும் குறிப்பிட்டாரே தவிர, கடைசி வரை அவர்களின் பெயரை வெளியிடவில்லை.

வீடு திரும்பிய சிறுமி தந்தையின் துப்பாக்கியைக் கையிலெடுத்தாள். காட்டில் வேட்டையாடியவற்றைக் கடைக்கு விற்று, பதினைந்து வயதளவில் தாயின் வீட்டின் மீதிருந்த கடனையும் அடைத்து முடித்தாள். பின்னர், பெயர் பெற்ற துப்பாக்கி வீரரான பிராங்க் பட்லருடன் நடந்த போட்டியில் அவரைத் தோற்கடித்தார். தோற்றவரே அவரை மணமுடித்து, தான் ஒதுங்கி நின்று மனைவியை முன்னிறுத்தினார்.

அக்காலத்தில் இப்போட்டிகளில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவார்கள். பின்னர் கண்ணாடிப் பந்துகள் வந்தன. 1880 இல் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டை அறிமுகப்படுத்தினார். கண்ணாடிப் பந்து மேலே எழுந்து விழுந்துவிடும். சிறு தட்டு வடிவிலான இதுவோ, இயந்திரத்திலிருந்து வீசப்பட்டதும் பறவையைப் போலவே வேகமாகப் பறக்கும். தட்டு இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் குண்டு அங்கு போவதற்குள் அது நகர்ந்திருக்கும். அது போகப்போகும் இடத்தைக் கணித்துச் சுட வேண்டும்.

இக்கலையில் அன்னி ஆண்களுக்கு இணையாக நின்றார். 1885 இல் தன் துப்பாக்கிகளுக்குத் தானே குண்டு நிரப்பிக்கொண்டு, ஒன்பது மணித்தியாலங்களில் 5,000 கண்ணாடிப் பந்துகளில் 4,772 ஐ உடைத்தார். அதே ஆண்டு பஃபலோ பில்லின் புகழ்பெற்ற காட்சிக் குழுவில் சேர்ந்தார். 1887 இல் லண்டனில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் திறமை காட்டினார். அரங்கில் தோன்றிய காலம் முழுவதும் கண்ணியமான ஆடைகளையே அணிந்தார். அவற்றையும் பெரும்பாலும் தானே தைத்துக்கொண்டார். தன் பெயரில் ஒரு கறை விழக்கூடாது என்பதில் அத்தனை கவனம்.

அந்தப் பெயருக்குத்தான் 1903 ஓகஸ்ட் மாதத்தில் சோதனை வந்தது. கொக்கேய்ன் வாங்குவதற்காகத் திருடிய அன்னி ஓக்லி கைதானார் என, பெரும் பத்திரிகை முதலாளியான வில்லியம் ரண்டொல்ஃப் ஹேர்ஸ்ட்டின் சிக்காகோ பத்திரிகை செய்தி வெளியிட்டது. கைதானவர் அவரது பெயரைச் சொல்லிக்கொண்ட வேறொரு பெண். எவரும் விசாரித்துப் பார்க்கவில்லை. நாடெங்கும் உள்ள பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போட்டன.

உண்மை தெரிந்ததும் பல பத்திரிகைகள் மறுப்பு வெளியிட்டு மன்னிப்புக் கேட்டன. அத்துடன் அவர் சமாதானமாகவில்லை. 55 பத்திரிகைகளுக்கு எதிராக அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. 1901 இல் நடந்த ரயில் விபத்தில் காயமடைந்திருந்த அவர், ஊர் ஊராகப் பயணித்துச் சாட்சியம் சொன்னார். ஹேர்ஸ்ட் அவரது சொந்த ஊருக்கே ஒரு துப்பறிவாளரை அனுப்பி ஏதாவது குறை கிடைக்குமா எனத் தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. 1910 இல் எல்லாம் முடிந்தபோது 54 வழக்குகளில் அன்னிக்கே வெற்றி. ஆனால் கிடைத்த இழப்பீட்டில் பெரும்பகுதி வழக்குச் செலவிலேயே கரைந்து போனது. வாழ்வின் நல்ல வருடங்கள் ஏழும் அதோடு போயின.

அதன் பிறகும் அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடுவதற்குக் கற்றுக்கொடுத்தார். 1922 இல், அறுபதைக் கடந்த வயதில், வட கரோலினாவில் நடந்த போட்டியில் தொடர்ச்சியாக 100 களிமண் தட்டுகளை உடைத்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் வாகன விபத்தில் கால் பாதிக்கப்பட்டு, இரும்புத் தாங்கியுடன் மீண்டும் சுடப் பழகினார். 1926 நவம்பர் 3 இல் மரணமானார். பதினெட்டு நாட்களில் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

இந்த வாழ்க்கையில் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது இரண்டு விடயங்கள். தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களின் பெயரைக்கூட ஊரறியச் சொல்லாமல் காத்தவர் அவர். அவரைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்கள் ஒரே நாளில் அவரது பெயரைச் சந்திக்கு இழுத்தார்கள். அவருக்கு வழக்காடப் பணமும் புகழும் துணைநிற்கக் கணவரும் இருந்தனர். எமது ஊர்களில் இவ்வாறு பேசப்படும் பிள்ளைகளுக்கு அப்படி என்ன இருக்கிறது? பாடசாலையை விட்டு நிற்பார்கள், வரன்கள் தவறிப்போகும், குடும்பமே ஊர் மாறும்.

55 பத்திரிகைகளில் ஒன்றாவது அச்சடிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கையில் தொலைபேசி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் இன்று ஒரு பத்திரிகைதான். பகிரும் முன் அந்தக் கேள்வியை நாமாவது கேட்போம்.