பிராங்ளினின் குறிப்பேடு

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர், இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்றே பெஞ்சமின் பிராங்ளினை நாம் பெரும்பாலும் அறிந்திருக்கின்றோம். ஆயினும், கைத்தொழிலொன்றைப் பழகுவது போன்று தமது குணத்தையும் அவர் பழகிக்கொண்ட விதமே நாம் ஊன்றி நோக்கவேண்டியதாகும்.

1706 இல் பொஸ்டனில் மெழுகுவர்த்தி செய்யும் ஒருவரின் பதினைந்தாவது பிள்ளையாகப் பிறந்த அவர், பாடசாலையிற் பயின்றது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. 12 வயதில் தமையனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்து, 17 வயதில் அங்கிருந்து தப்பிப் பிலடெல்பியாவை அடைந்தார். விவாதத்தில் எதிராளியை மடக்கி மகிழ்வது அவரது இளமைக்கால வழக்கம்.

பின்னர் நற்குணங்களைப் பட்டியலிட்டு, குறிப்பேடொன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையினால் ஏழு நாட்களுக்கும் கட்டங்கள் வரைந்து, தவறிய நாளில் கரும்புள்ளி இட்டார். கிழமைக்கு ஒரு குணத்திலேயே விசேட கவனம். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள்கள் ஓட்டையாகிவிடவே, ஈரப்பஞ்சினால் துடைக்கத்தக்க தந்தத் தகடுகளுக்கு அட்டவணையை மாற்றினார். ஒழுங்கு மாத்திரம் கைகூடவேயில்லை என அவரே ஒப்புக்கொண்டுள்ளார். குணங்கள் முதலிற் பன்னிரண்டே. அவர் செருக்குடையவரென நண்பரொருவர் எடுத்துரைத்த பின்னரே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது.

1727 இல் அவர் நிறுவிய ஜுன்டோ கழகம் வெள்ளிக்கிழமை மாலைகளிற் கூடியது. முடிந்த முடிபாகப் பேசுவோரும், பிறரை நேரடியாக மறுத்துரைப்போரும் அங்கே சிறு தண்டப்பணம் செலுத்தவேண்டும். 1731 இல் ஐம்பது பேரிடம் தலா 40 ஷிலிங் திரட்டி நூலகம் அமைக்க முனைந்தபோது பலர் தயங்கினர். திட்டம் தம்முடையதெனக் கூறுவதே தடையென உணர்ந்த அவர், நண்பர்கள் சிலரது முயற்சியென அதனை அறிமுகப்படுத்தித் தாம் பின்னே நின்றார், நூலகம் எழுந்தது. தலைவர் யார் என்ற பிணக்கிலேயே சங்கங்கள் கலைந்துபோவதைக் கண்டு பழகிய எமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

1787 இல் அரசியலமைப்பு மாநாட்டில், 81 வயதான அவர், வரைவில் தமக்கு உடன்பாடற்றவை இருப்பினும் தமது தீர்ப்பும் பிழைபடலாமெனக் கூறி, கையொப்பமிடுமாறு ஏனையோரையும் வேண்டினார்.

எனினும் மகன் வில்லியத்திடம் அவர் இவ்வாறு இளகவில்லை. நியூ ஜேர்சியின் ஆளுநராயிருந்த வில்லியம், புரட்சியின்போது பிரித்தானிய முடியின் பக்கம் நின்றவர். 1784 இல் மகன் சமாதானம் நாடி எழுதினார். பிறர் இழைத்த தீங்கை அளவுக்கு மிஞ்சி மனதிற்கொள்ளலாகாது என்பது அக்குறிப்பேட்டின் ஒன்பதாவது குணம். 1785 இல் சவுத்தாம்டனில் இருவரும் சந்தித்தபோதோ காணிகளைக் கைமாற்றுவதே முக்கிய அலுவலாயிற்று. அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை. 1790 இல் பிராங்ளின் மறைந்தபோது, அவரது உயிலில் வில்லியத்துக்கென ஏறத்தாழ எதுவும் இருக்கவில்லை.