எதிரிக்குக் கொடுத்த வாக்கு
சுல்தான் சலாவுதீனின் வாழ்க்கை

வெட்டு, குத்து, கொள்ளை. 800 ஆண்டுகளுக்கு முன்பு போர் என்றால் இவ்வளவுதான். தோற்றவர்களிடம் இரக்கம் காட்டுவோர் அரிது. அந்தக் காலத்தில், எதிரிக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான் என்று நடந்து காட்டிய ஓர் அரசர் இருந்தார். அவர்தான் சுல்தான் சலாவுதீன்.

இன்றைய ஈராக்கில் உள்ள திக்ரித் என்ற ஊரில், 1137-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். குர்து இனத்தைச் சேர்ந்தவர். சிற்றப்பாவின் சேனையோடு எகிப்துக்குப் போனார். சிற்றப்பா இறந்ததும், 1169-ல் அந்நாட்டின் முதல் மந்திரி ஆனார். பிறகு எகிப்து, சிரியா இரண்டும் அவர் ஆட்சிக்குள் வந்தன.

ஜெருசலம் நகரம் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் மூவருக்கும் புனிதமானது. ஐரோப்பாவிலிருந்து வந்த சிலுவைப் போர் வீரர்கள் 1099-ல் அதைப் பிடித்தார்கள். அப்போது முஸ்லிம்களையும் யூதர்களையும், பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த நகரை மீட்பதே சலாவுதீனின் லட்சியம்.

ஒரு கோப்பைத் தண்ணீர்

அவருக்கும் சிலுவை வீரர்களுக்கும் இடையே ஒரு சமாதான உடன்படிக்கை இருந்தது. அது அமலில் இருந்தபோதே, ரெய்னால்ட் என்ற பிரபு வியாபாரிகளின் கூட்டத்தை மறித்துக் கொள்ளையடித்தான். பிடித்தவர்களை விடுவிக்கும்படி சுல்தான் கேட்டார். ரெய்னால்ட் மறுத்தான். போர் மூண்டது.

1187 ஜூலை 4. ஹத்தின் என்ற இடத்தில் பெரும் சண்டை நடந்தது. கடும் வெயிலில், தண்ணீர் கிடைக்காமல் தவித்த சிலுவைப் படை தோற்றது. ஜெருசலத்தின் மன்னரும் ரெய்னால்டும் பிடிபட்டார்கள்.

சுல்தான் மன்னருக்குக் குளிர்ந்த நீர் கொடுத்தார். பிடித்தவர் கையால் தண்ணீர் குடித்த கைதியைக் கொல்லக் கூடாது என்பது அரபு வழக்கம். குடித்த மன்னர், மிச்சத்தை ரெய்னால்டிடம் நீட்டினார். அது தாம் கொடுத்த தண்ணீர் அல்ல என்று சுல்தான் அறிவித்துவிட்டார். வாக்கை மீறிய ரெய்னால்டின் உயிர் போயிற்று. மன்னர் பிழைத்தார்.

ஆனால் ஒரு கறையும் உண்டு. பிடிபட்டவர்களில் துறவு விரதம் பூண்ட போர் வீரர்கள் சுமார் 200 பேரைக் கொல்லும்படி சுல்தான் உத்தரவிட்டார்.

விடுவித்த சத்தியம்

அந்தப் போர்க்களத்திலிருந்து தப்பியவர்களில் ஒருவர் பாலியன் என்ற பிரபு. அவர் மனைவி ஜெருசலத்தில் இருந்தாள். அவளை அழைத்துவர அனுமதி கேட்டார். ஆயுதம் எடுப்பதில்லை, ஒரே இரவுதான் தங்குவது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சுல்தான் அனுமதித்தார்.

ஊருக்குள் போனதும் ஜனங்கள் பாலியனைச் சூழ்ந்துகொண்டார்கள். தலைவன் இல்லாத நகரைக் காக்கும்படி மன்றாடினார்கள். தம்மால் சத்தியத்தைக் காக்க முடியவில்லை என்று அவர் சுல்தானுக்குத் தெரிவித்தார். சுல்தான் கோபிக்கவில்லை. சத்தியத்திலிருந்து அவரை விடுவித்தார். அவர் மனைவி பத்திரமாக வெளியேறக் காவலர்களையும் அனுப்பினார்!

பிறகு நகரை முற்றுகையிட்டார். பாலியன் சரணடைய முன்வந்தார். முதலில் சுல்தான் இணங்கவில்லை. 1099-ன் படுகொலைக்குப் பழி வாங்குவதாக அவர் சபதம் செய்திருந்தார். அப்படியானால் உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்று, புனித இடங்களையும் இடித்துவிடுவதாகப் பாலியன் எச்சரித்தார். சுல்தான் தளபதிகளோடு ஆலோசித்தார். சபதத்தைக் கைவிட்டார்.

1187 அக்டோபர் 2-ல் நகரம் அவர் வசமாயிற்று. படுகொலை நடக்கவில்லை. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார், குழந்தைக்கு அதைவிடக் குறைவாகப் பணம் கட்டி வெளியேறலாம் என்பது ஒப்பந்தம். கிறிஸ்தவத் தலைமைக் குரு தமக்குரிய 10 தினாரைக் கட்டிவிட்டு, கோயில் செல்வங்களோடு புறப்பட்டார். அதைப் பறிக்கும்படி பலர் தூண்டினார்கள். ஒப்பந்தத்தை மீற மாட்டேன் என்று சுல்தான் மறுத்துவிட்டார். ஏழை முதியவர்கள் பலரைப் பணமின்றியே விட்டார். அப்படியும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்ட வழியின்றி அடிமைகளானார்கள்.

தாயின் கண்ணீர்

இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு பெரும் படையோடு வந்தார். அக்கோ நகரைப் பிடித்தார். கைதிகளை மீட்கும் பணம் தாமதமானதும், 1191 ஆகஸ்ட் 20-ல் சுமார் 2,700 பேரைக் கொல்லச் செய்தார். சுல்தானும் ஆத்திரம் அடைந்து, பிறகு சிக்கிய கைதிகள் பலரைக் கொன்றார். ஒருவர் நெறி தவறினால் மற்றவரும் தவறுவது போரின் சாபம்.

அந்த முற்றுகை நாட்களில்தான் இதுவும் நடந்தது. எதிரி முகாமிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அவளுடைய 3 மாதக் குழந்தையைத் திருடர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். சுல்தானின் கண்களும் கலங்கின. குழந்தை சந்தையில் விற்கப்பட்டது தெரிந்தது. வாங்கியவனுக்கு விலையைக் கொடுத்து மீட்டார். குழந்தை தாயின் கைக்கு வரும் வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு அவளைக் குதிரையில் ஏற்றி, அவள் முகாமுக்கே அனுப்பினார்.

ரிச்சர்டு காய்ச்சலில் படுத்தபோது, அவருக்குப் பழங்களும் பனிக்கட்டியும் அனுப்பினார் சுல்தான். 1192-ல் இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஜெருசலம் சுல்தானிடமே இருந்தது. ஆயுதமின்றி வரும் கிறிஸ்தவ யாத்திரிகர்களுக்கு வழி திறந்தது.

1193 மார்ச் 4-ல் டமாஸ்கஸ் நகரில் சலாவுதீன் காலமானார். அவருடைய சொந்தக் கருவூலத்தில் இருந்தவை 47 வெள்ளிக் காசுகளும் ஒரே ஒரு பொற்காசும்தான். அவர் பெருந்தன்மையை அதிகமாக எழுதி வைத்தவர்களில், அவரிடம் தோற்ற ஐரோப்பியர்களும் உண்டு.